டாக்கரில் ஜூபிட்டர் லேப்: கேள்வி பதில்

கேள்வி: ஆய்வகச் சர்வரில் ஜூபிட்டர் லேபை (பிரவுசரிலேயே நிரல் எழுதி ஓட்டும் நோட்புக் மென்பொருள்) டாக்கரில் (மென்பொருளைக் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ஓட்டுகிறோம். புது இமேஜுக்கு (கண்டெய்னரை உருவாக்கும் அச்சு) மாற்றியதும் பாதி நோட்புக்குகளைக் காணோம். வால்யூம் (கண்டெய்னருக்கு வெளியே தரவைச் சேமிக்கும் இடம்) கொடுத்துத்தான் இருந்தேன்.

பதில்: எதற்குக் கொடுத்தீர்கள் என்பதைப் பாருங்கள். பலரும் 'ஒர்க்' ஃபோல்டரை மட்டும் வெளியே இணைக்கிறார்கள். ஆனால் லேப் திறந்ததும் நிற்பது அதற்கு ஒரு படி மேலே, 'ஜோவியன்' என்கிற பயனரின் ஹோம் ஃபோல்டரில். புதிதாக வருபவர் அங்கேயே சேமித்துவிடுவார். அது கண்டெய்னருக்குள் எழுதியது. கண்டெய்னர் போனால் அதுவும் போகும். உங்களிடம் பாதி தப்பியதற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும். பழைய கண்டெய்னரை நிறுத்தியதோடு விட்டிருந்தால் 'டாக்கர் பிஎஸ் மைனஸ் ஏ' பட்டியலில் தெரியும்; 'டாக்கர் சிபி' போட்டு ஃபைல்களை எடுத்துவிடலாம். அழித்திருந்தால் பேக்கப்தான் கதி.

நானும் பட்டவன்தான். கண்டெய்னர்களை நிறுத்தி அகற்றும் 'கம்போஸ் டவுன்' கட்டளையோடு 'மைனஸ் வி' சேர்த்தேன், கொஞ்சம் விவரமாகச் சொல்லும் என்று நினைத்து. அங்கே 'வி' என்றால் வால்யூம். பெயரிட்ட வால்யூம்கள் எல்லாம் ஒரே நொடியில் காலி! சர்வரின் சாதாரண ஃபோல்டரை நேரடியாக இணைத்திருந்தால் அதை இந்தக் கட்டளை தொடாது. அன்றிலிருந்து ஆய்வுத் தரவுக்கு நான் அந்த வழிதான்.

கேள்வி: அப்படி ஃபோல்டரை இணைத்தால் 'பெர்மிஷன் டினைட்' வருகிறதே?

பதில்: லினக்ஸ் பார்ப்பது பயனரின் பெயரை அல்ல, எண்ணை. ஜோவியனின் எண் 1000. இல்லாத ஃபோல்டரை 'டாக்கர் ரன்' கட்டளையின் 'மைனஸ் வி' வழியே இணைத்தால் டாக்கரே அதை ரூட் (நிர்வாகி) பெயரில் உருவாக்கிவிடும். பிறகு ஜோவியனால் எழுத முடியாது. உரிமையாளரை 1000 என்று மாற்றுங்கள். தயவுசெய்து 777 (எல்லாருக்கும் எல்லா அனுமதியும்) போடாதீர்கள்.

கேள்வி: ஜூபிட்டருக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் (கோரிக்கைகளை வாங்கிக் கடத்தும் வெப் சர்வர்) வைத்தேன். பக்கம் திறக்கிறது, ஆனால் நோட்புக்கின் செல் (நிரல் பகுதி) ஓடவே மாட்டேன் என்கிறது. ஃபைல் ஏற்றினால் 413 என்ற பிழை.

பதில்: இரண்டும் தனித்தனிச் சிக்கல். கெர்னலோடு (நிரலை ஓட்டும் பகுதி) பேச்சு நடப்பது வெப்சாக்கெட்டில் (திறந்தே இருக்கும் இருவழி இணைப்பு); எச்டிடிபி 1.1-ஐயும் 'அப்கிரேட்', 'கனெக்‌ஷன்' ஹெடர்களையும் என்ஜின்எக்ஸ் கடத்த வேண்டும். 413 வருவது, அனுப்பும் தரவின் அளவுக்கு அது இயல்பாக 1 எம்பி வரம்பு வைத்திருப்பதால். வரம்பை உயர்த்துங்கள்.

கேள்வி: பெரிய கணக்கீட்டின் நடுவில் கண்டெய்னர் 137 என்று சொல்லிச் செத்துவிடுகிறது.

பதில்: 137 என்பது 128-உடன் 9. அதாவது 'கில்' சிக்னல். பெரும்பாலும் மெமரி தீர்ந்திருக்கும்; 'டாக்கர் இன்ஸ்பெக்ட்' காட்டும் 'ஓஓஎம்கில்ட்' என்ற வரியைப் பாருங்கள். பைடார்ச் (இயந்திரக் கற்றல் நூலகம்) 'பஸ் எரர்' தந்தால் விஷயம் வேறு: பகிர்வு மெமரி இயல்பாக 64 எம்பிதான், அதைக் கூட்ட வேண்டும்.

கேள்வி: யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் 8888 போர்ட்டை மூடியும் வெளியிலிருந்து திறக்கிறது!

பதில்: டாக்கர் தன் ஐபிடேபிள்ஸ் (லினக்ஸின் பிணைய வடிகட்டி) விதிகளைத் தானே எழுதிக்கொள்ளும், யுஎஃப்டபிள்யூவின் விதிகள் அதைத் தடுப்பதில்லை. போர்ட்டுக்கு முன் 127.0.0.1 (இந்தச் சர்வருக்குள் மட்டும்) சேருங்கள். சர்வரிலேயே ஓடும் என்ஜின்எக்ஸுக்கு அது போதும்.

கேள்வி: குபர்னெட்டிஸ் (பல சர்வர்களில் கண்டெய்னர்களை நிர்வகிக்கும் அமைப்பு) தேவையா?

பதில்: ஒரே சர்வரா? அப்படியானால் வேண்டாம்.