ஜெனரேட்டர் இழுக்க டீசலா, பெட்ரோலா?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "கல்யாண மண்டபங்களுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறேன். இரண்டு சக்கர டிராலியில் 25 கேவிஏ செட், எல்லாம் சேர்ந்து ஒன்றரை டன் வரும். இதுவரை வாடகை டிராக்டரில் இழுத்தேன். இப்போது பழைய பிக்கப் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். பிஎஸ்-6 புகை விதிப்படி வந்த டீசல் வண்டியில் தொல்லை அதிகம், பெட்ரோலே போதும் என்கிறார் புரோக்கர். பேரணாம்பட்டு, ஆம்பூர் வரை போவேன், எப்போதாவது ஏலகிரி. எது வாங்கலாம்?"

டீசல்தான். உங்கள் டிராலிக்குப் பெட்ரோல் பிக்கப் ஆகாது.

டீசல் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே முழு இழுவையையும் கொடுத்துவிடும். பெட்ரோல் எஞ்சினில் அந்த இழுவை வர, ஆக்சிலரேட்டரை மிதித்து எஞ்சினைக் கத்தவிட வேண்டும். பாரத்தோடு ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் கிளட்ச் பிளேட் கருகும். போதாததற்கு, நம் ஊரில் விற்கும் பெட்ரோல் பிக்கப் எல்லாம் குட்டி வண்டிகள். மாருதி சூப்பர் கேரியின் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் சுமார் 100 நியூட்டன் மீட்டர் இழுவை தரும், மஹிந்திரா பொலிரோ பிக்கப் டீசல் சுமார் 200 தரும். சூப்பர் கேரி தன் முதுகில் சுமப்பதே முக்கால் டன்னுக்குள்தான். அதன் பின்னால் ஒன்றரை டன்னைக் கட்டி ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றுவது கன்றுக்குட்டியை ஏரில் பூட்டுகிற வேலை.

அமெரிக்காவில் பெட்ரோல் பிக்கப்பில் படகையே இழுக்கிறார்களே என்று வீடியோவைக் காட்டுபவர்கள் உண்டு. அது ஃபோர்டு எஃப்-150 மாதிரி வண்டி. 5 லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சினெல்லாம் அதில் வருகிறது. அங்கேயும் நிஜமான பாரம் இழுப்பவர் ராம் வண்டியின் 6.7 லிட்டர் கம்மின்ஸ் டீசல் போன்றதைத்தான் தேடுகிறார். அங்கே பெரும்பாலும் டீசல் விலை பெட்ரோலைவிட அதிகம், நமக்குக் குறைவு. அந்தக் கணக்கு இங்கே உதவாது.

சரி, புரோக்கர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு டீசல் பிக்கப்களின் சைலன்சர் பாதையில் கரி வடிகட்டி வைக்கிறார்கள். டிபிஎஃப் என்பார்கள். புகைக் கரியைப் பிடித்துவைத்து, நிறைந்ததும் சுமார் 600 டிகிரி சூட்டில் தானே எரித்துவிடும். அந்தச் சூடு வர, வண்டி சாலையில் இருபது நிமிஷமாவது சீராக ஓட வேண்டும். வீட்டிலிருந்து மண்டபத்துக்கு மூன்று கிலோமீட்டர், திரும்ப மூன்று கிலோமீட்டர் என்றே ஓட்டினால் எரிப்பு பாதியில் நிற்கும். அடுத்த சவாரியில் மறுபடி தொடங்கி மறுபடி நிற்கும். கரியை எரிக்கக் கூடுதலாகத் தெளிக்கிற டீசலில் கொஞ்சம் எஞ்சின் ஆயிலில் இறங்கிவிடும். ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள், அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் டீசல் வாசனை அடிக்கும். அப்புறம் மீட்டரில் விளக்கு எரியும், எஞ்சின் பலம் பாதியாகும்.

அதனால் ஒருவர் 5 கேவிஏ செட்டை டவுனுக்குள் மட்டும் கொண்டுபோய் வருகிறார் என்றால் அவருக்கு நானே பெட்ரோல்தான் சொல்வேன். நீங்கள் ஆம்பூர் வரை போகிறவர், உங்களுக்கு அந்தப் பயம் வேண்டாம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாமல் வண்டி நிற்கும். அப்போது வாரம் ஒருமுறை பள்ளிகொண்டா வரை ஓட்டிவிட்டு வாருங்கள். வாசலில் நிறுத்தி உறுமவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், அதில் அந்தச் சூடு வராது.

இந்த வடிகட்டியை வைத்துத்தான் இப்போது பெரிய ஏமாற்று நடக்கிறது. அடைத்துக்கொண்டால் புதிதாக மாட்டச் செலவு அதிகம். அதனால் உள்ளே இருப்பதைக் குடைந்து எடுத்துவிட்டு, விளக்கு எரியாதபடி கம்ப்யூட்டரையும் மாற்றி, வெறும் டப்பாவை வெல்டிங் வைத்து விற்றுவிடுகிறார்கள். போன மாதம் என் பட்டறைக்கு வந்த ஒரு பிக்கப், பெயின்ட் பளபளக்க, 'ஒரே ஓனர்' என்று வந்தது. சைலன்சர் வாய்க்குள் வெள்ளைத் துணியைச் சுற்றி எடுத்தேன், அடுப்புக்கரி மாதிரி வந்தது. வடிகட்டி உயிரோடு இருக்கும் வண்டியில் துணி அனேகமாகச் சுத்தமாகவே வர வேண்டும். இதை எஞ்சின் ஆறிய பிறகு செய்யுங்கள், விரலைச் சுட்டுக்கொள்ளாதீர்கள்.

அதே புரோக்கர், சரக்கு வண்டி ஓட்ட லைசென்ஸில் தனி அனுமதியாக 'பேட்ஜ் போட வேண்டும்' என்று தனியாகப் பணம் கேட்பார். கொடுக்காதீர்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை எல்.எம்.வி. என்கிற இலகுரக வாகன லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வே சொல்லிவிட்டது. அது எல்லா ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலுக்கும் இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

அடுத்து கொக்கி. வண்டியில் வரும் கொக்கி, பழுதானால் கட்டி இழுக்கத்தான். லேத் பட்டறையில் சேசிஸ் மேல் வெல்டிங் வைத்து வேறு கொக்கி மாட்டினால் வாரன்டி கேட்க முடியாது, விபத்தில் இன்ஷூரன்ஸும் தகராறுதான். இந்த மாடல் எத்தனை கிலோ டிராலி இழுக்கலாம் என்று ஷோரூமில் எழுத்தில் வாங்குங்கள். வாயால் 'எவ்வளவு வேண்டுமானாலும் சார்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் டிராலிக்குச் சொந்த பிரேக் உண்டா? டிராக்டர் பின்னால் மெதுவாகப் போகும்போது அது இல்லாதது தெரியாது. ஏலகிரி இறக்கத்தில் ஒன்றரை டன் பின்னாலிருந்து தள்ளும்போது தெரியும். ஏறின கியரிலேயே இறங்குங்கள்.

என்னைக் கேட்டால் இழுக்கவே வேண்டாம். 25 கேவிஏ செட் மட்டும் தனியாக ஒரு டன் சுமார்தான் இருக்கும். ஒன்றரை டன் ஏற்றும் டீசல் பிக்கப்பின் முதுகில் வைத்துக் கட்டிவிட்டு, வண்டியையே மண்டபத்து வாசலில் நிறுத்திவிடலாம். ஏற்றும் முன் எடைமேடையில் வைத்துப் பாருங்கள். அதிக பாரம் என்று பிடித்தால் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000.

இல்லை, டிராலிதான் என்றால் அதற்குத் தனி ஆர்.சி. வேண்டும், இழுக்கும் வண்டியின் ஆர்.சி. அதற்குச் சேராது. என் டிராலி ஒன்றுக்காக நான் ஒரு ஆபீஸுக்கு ஏழு தடவை நடந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் காகிதம் கேட்டார்கள், ஏழாவது தடவை முதலில் கொடுத்ததையே திரும்பக் கேட்டார்கள். உங்களுடையதற்கு ஆர்.சி. இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் அதைத் தேடி எடுங்கள்.