மாலையைக் கழற்றிய பிறகு: எல்லையோர வாசகர்களின் நான்கு கேள்விகள்

ஜனவரி முதல் தேதி எடுத்த முடிவு பொங்கலைத் தாண்டவில்லை என்று வருந்தும் கடிதங்கள் ஆண்டுதோறும் இந்த வாரத்தில் குவிகின்றன. இம்முறை எல்லையோரத்து ஊர்களிலிருந்து வந்த நான்கை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நால்வருமே தம்மிடம் மன உறுதி போதவில்லை என்று நொந்துகொண்டிருக்கிறார்கள். மனத்தைக் குறை சொல்வதற்கு முன் அன்றாடத்தின் அமைப்பைப் பார்ப்போம்.

கேள்வி: ஐயா, கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டுகிறேன். சர்க்கரை இருப்பதால் தினமும் அரை மணி நேரம் நடக்கும்படி மருத்துவர் சொன்னார். 21 நாள் விடாமல் செய்தால் பழகிவிடும் என்றார்கள். ஒன்பதாம் நாளே அறுந்துவிட்டது. மீண்டும் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டுமா?

பதில்: வேண்டாம். அந்த 21 என்ற எண்ணே கேட்டுக் கேட்டு உருமாறிய ஒன்று. அறுவைச் சிகிச்சையால் மாறிய தம் முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள்கள் பிடிக்கின்றன என்று மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1960-இல் எழுதினார். ஊர் வாயில் ‘குறைந்தது’ உதிர்ந்து, 21 மட்டும் நின்றுவிட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரைக் கவனித்து வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நிகழும் பழக்கமாவதற்கு ஆன காலத்தின் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் அளவு) 66 நாள்கள். ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள்கள் வரை வேறுபடும் என்று கணித்தார்கள். உங்களுக்குத் தேவையான செய்தியும் அதிலேயே இருக்கிறது: இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை.

விடியுமுன் வண்டி எடுப்பவர் அதற்கும் முன்னால் எழுந்து நடப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. தோட்டத்தில் ஆள்களை இறக்கிவிட்டு, மாலையில் அவர்கள் திரும்பும் வரை காத்திருக்கும் நேரம் உங்களுடையது. கடைசி ஆள் இறங்கி வண்டியைப் பூட்டிய கையோடு நடையைத் தொடங்குங்கள். தேநீர் அதற்குப் பிறகு இருக்கட்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கினால் உதவ, சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் இருப்பதும் நல்லது.

கேள்வி: களியக்காவிளையில் கடை வைத்திருக்கிறேன். கார்த்திகை முதல் தேதி மாலை போட்டதிலிருந்து சிகரெட்டைத் தொடவில்லை. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்றைக்கே ஒன்று பற்றவைத்தேன். அடுத்த வாரத்தில் பழைய கணக்குக்கே வந்துவிட்டேன். ஏழு ஆண்டுகளாக இதே கதை. ஐயப்பனுக்காக முடிவது எனக்காக ஏன் முடிவதில்லை?

பதில்: கடிதங்களில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது இதுதான். விரத நாள்களில் உங்களைத் தாங்கியவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். கழுத்தில் துளசி மணி, உடம்பில் கறுப்பு வேட்டி, விடியுமுன் குளியல், மாலையில் சரணம் விளிக்கும் கூட்டம், தவறினால் பதில் சொல்ல வேண்டிய குருசாமி. வழக்கமாகத் தீப்பெட்டி நீட்டுபவர்கூட உங்களைச் ‘சாமி’ என்று அழைத்துவிட்டு அதை மடியில் செருகிக்கொள்கிறார். ‘குறைத்துக்கொள்வேன்’ என்ற இழுபறிக்கும் அங்கே இடமில்லை; விதி முழுமையானது. மாலையைக் கழற்றும்போது இவை அத்தனையும் ஒரே நாளில் கழன்றுவிடுகின்றன. முடியும் நாள் குறிக்கப்பட்ட விரதம் அந்த நாளில் முடிவதில் வியப்பில்லை.

நிகோட்டினை நிறுத்தியதும் உடம்பு படும் பாடு முதல் சில நாள்களில் உச்சத்துக்குப் போய், சில வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். அந்தக் கடினமான பகுதியை நீங்கள் ஏழு முறை கடந்திருக்கிறீர்கள்! பிறகு உங்களை இழுத்தவை பழைய இடமும் பழைய வேளையும்தான். ஆகவே அடுத்த முறை மாலையோடு எல்லாவற்றையும் கழற்றாதீர்கள். விடியற்காலைக் குளியலும் வாரம் ஒரு நாள் பஜனையும் தொடரட்டும். சித்திரை வரை உங்களைக் கேள்வி கேட்கும்படி குருசாமியிடம் சொல்லிவையுங்கள். கடையில் சிகரெட் விற்பீர்களானால் அதை நிறுத்துவதையும் யோசியுங்கள்.

ஒன்று பற்றவைத்த பின் ‘முழுக்க நனைந்த பின் முக்காடு எதற்கு’ என்ற எண்ணம் வந்திருக்கும். உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் விதியை ஒருமுறை மீறியதும் கட்டுப்பாடு இல்லாதவர்களைவிடத் தாராளமாக உண்பதைப் பீட்டர் ஹெர்மன், ஜேனட் பொலிவி போன்ற உளவியலாளர்கள் 1970-களிலிருந்தே ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு சிகரெட் நனைத்தது ஒரு விரலைத்தான். அடுத்த கார்த்திகைக்குக் காத்திராமல், சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும், புகையை விட உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் இந்த வாரமே பேசுங்கள்.

(மதுவை நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவர்கள் மாலை போடும் நாளில் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும், அவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.)

கேள்வி: செங்கோட்டையிலிருந்து ரயிலில் புனலூருக்கு வேலைக்குப் போகிறேன். மலையாளம் பேச வரும், எழுத்து தெரியாது. இந்த ஆண்டு கற்பதாக முடிவெடுத்தேன். வாங்கிய புத்தகம் பையிலேயே இருக்கிறது.

பதில்: ‘மலையாளம் கற்பேன்’ என்பது விருப்பம், திங்கட்கிழமை காலையில் கை எதைச் செய்ய வேண்டும் என்று அது சொல்வதில்லை. எப்போது, எங்கே, எதைச் செய்வேன் என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்வது முடிவைச் செயலாக்க உதவுகிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் விரிவாக எழுதினார். வண்டி ஆரியங்காவை விட்டுக் கிளம்பியதும் நோட்டை எடுத்து ஐந்து சொற்கள் எழுதுவேன், தென்மலையில் மூடுவேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருக்கை கிடைக்காத நாளில் நிலையப் பலகைகளை வாசித்தால் போதும். ஊர்ப் பெயர் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் எழுத்து தானாகப் பிடிபடும். வழியில் வரும் பதின்மூன்று கண் பாலத்தைப் பார்க்க அன்றாடப் பயணி தலை நிமிர்வதில்லை என்றே நினைக்கிறேன், நிமிர்ந்தாலும் குற்றமில்லை.

கேள்வி: ஆந்திரச் சித்தூரில் வசிக்கும் தமிழ்க் குடும்பம். ஜனவரி 1, உகாதி, சித்திரை 1 மூன்றும் எங்களுக்கு உண்டு. சேமிப்பை உகாதிக்குத் தொடங்கலாமா?

பதில்: அம்மா, வாரம், மாதம், ஆண்டு ஆகியவற்றின் தொடக்கத்தில் மக்கள் புதிய முயற்சிகளில் அதிகம் இறங்குவதை ஹெங்சென் டாய், கேட்டி மில்க்மன், ஜேசன் ரீஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2014-இல் காட்டினார்கள். அவ்வகையில் மூன்று புத்தாண்டு உங்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். ஆனால் திங்கட்கிழமையும் ஒரு தொடக்கமே. அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம்; ஐந்தாண்டுக்கு 60 தவணை. வரும் திங்கட்கிழமை கணக்கைத் திறந்தால், உகாதிப் பச்சடி கலக்கும் நேரத்தில் இரண்டு மூன்று தவணை கட்டி முடித்திருப்பீர்கள்.