வறட்சிக் காலத்தில் திருச்சபைகள் வழங்கும் உணவு நிவாரணம் என்றால் என்ன?

மழை பொய்த்து விளைச்சல் அழிந்த பகுதிகளில், முதியோர், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள் போன்றோருக்குக் கிறிஸ்தவத் திருச்சபைகள் உணவுப் பொருளோ அதை வாங்கப் பணமோ தருவதே இது. இதன் வேர் பழையது: ரோமப் பேரரசர் கிளாடியஸ் காலத்துப் பஞ்சத்தில் அந்தியோக்கியா நகரில் இருந்த இயேசுவின் சீடர்கள் யூதேயாவுக்கு உதவி அனுப்பியதை விவிலியத்தின் அப்போஸ்தலர் பணி நூல் 11ஆம் அதிகாரம் கூறுகிறது.

வறட்சி, வட்டி ஏறும் கடனைப் போல மெல்ல நெருக்குவது. விதைத் தானியமும் கால்நடைகளும் விற்றுத் தீர்ந்த பிறகே பட்டினி வெளியில் தெரியும். ஊரிலேயே இருக்கும் சபை, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை முன்பே அறிந்துவிடும் என்பதுதான் அதன் உண்மையான பலம். ஆனால் அறிமுகமானவர்களுக்கே முன்னுரிமை தரும் ஆபத்தும் அதிலேயே இருப்பதால், பயனாளிகள் பட்டியலை ஊரார் முன்னிலையில் சரிபார்ப்பது அவசியம்.

இவ்வுதவி கிறிஸ்தவர்களுக்கு மட்டுமே என்பது தவறான எண்ணம்: செஞ்சிலுவை இயக்கத்துடன் கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான காரித்தாஸ், உலகத் திருச்சபைகள் மன்றம் உள்ளிட்ட அமைப்புகள் 1994இல் ஏற்ற நடத்தை நெறிகள், மதம் பாராமல் தேவையை மட்டுமே கணக்கில் கொள்ளச் சொல்கின்றன.