இரண்டு கொடிகளையும் சேர்த்ததுதான் கோளாறு

வணக்கம் நண்பரே. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக்காக நீங்கள் எழுதும் லினக்ஸ் வெப்பமானி டிரைவரில், இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் (சாதனம் குறுக்கிடும்போது ஓடும், தூங்கக்கூடாத பகுதி) மெமரி ஒதுக்கும் கேமேலாக்கை (kmalloc) 'ஜிஎஃப்பி_கெர்னல் | ஜிஎஃப்பி_அட்டாமிக்' என்று இரண்டு கொடிகளோடு அழைக்கிறீர்கள். நாள் முழுக்க ஓடிவிட்டு, மெமரி குறையும்போது மட்டும் கணினி உறைகிறது என்கிறீர்கள்.

காரணம் இரண்டையும் சேர்க்கும் அந்த ஆர் குறிதான் (|). அட்டாமிக்கில் 'தூங்காதே' (மெமரி கிடைக்கும்வரை காத்து நிற்காதே) என்று ஒரு பிட் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. தூங்கலாம் என்ற அனுமதிதான் பிட். அதன் பெயர் டைரக்ட் ரீகிளைம் (அங்கேயே நின்று மெமரியை மீட்கலாம் என்ற அனுமதி). கெர்னல் கொடியில் அது உண்டு, அட்டாமிக்கில் இல்லை. இரண்டையும் சேர்த்தால் அனுமதி உள்ளே வந்துவிடும். மெமரி தாராளமாக இருக்கும்வரை தூங்கத் தேவை வராது, அதனால்தான் இத்தனை நாள் தெரியவில்லை. ஓசூரில் நானும் இதே தவறால் ஒரு வாரம் அலைந்தேன். டீபக் அட்டாமிக் ஸ்லீப் (CONFIG_DEBUG_ATOMIC_SLEEP) வசதியை கெர்னலில் இயக்கிச் சோதியுங்கள். மெமரி குறையக் காத்திருக்காமல் உடனே எச்சரிக்கும்.

ஹேண்ட்லரில் அட்டாமிக் மட்டும் போதும். ஒதுக்கும் மெமரியைப் பூஜ்ஜியமாக்க அதோடு __ஜிஎஃப்பி_ஜீரோவைச் சேர்க்கலாம், அது வெறும் கூடுதல் கொடி, தூங்கும் அனுமதி தராது, தவறில்லை. ஆனால் அட்டாமிக் எளிதில் தோற்கும், நல் (NULL, அதாவது மெமரி கிடைக்கவில்லை) திரும்புகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

நானாக இருந்தால் பஃபரை, சாதனத்தை டிரைவரோடு இணைக்கும்போது ஓடும் புரோப் செயற்கூறிலேயே ஜிஎஃப்பி_கெர்னலில் ஒதுக்கிவிடுவேன். அளவு முன்கூட்டியே தெரியாது என்றால், வேலையைத் திரெடட் ஐஆர்க்யூவுக்கு (இன்டரப்ட் வேலையைத் தனித் திரெடில் ஓட்டும் முறை) மாற்றுங்கள். ஸ்பின்லாக் (சுழன்று காத்திருக்கும் பூட்டு) பிடித்திராத இடத்தில் அங்கே தூங்கலாம். அப்புறம், ஹேண்ட்லர் பகுதியை முழுதாக இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.