மணியை வீட்லயே வழியனுப்பலாமா?

கேள்வி: எங்க நாய் மணிக்கு 14 வயசு, கிட்னி ரெண்டும் போச்சு, நாலு நாளா தண்ணிகூட இறங்கல. டாக்டர் வீட்டுக்கே வந்து கருணைக்கொலை ஊசி போடுறேங்கறார். வலிக்குமா சார், பக்கத்துல இருக்கலாமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: முதல் ஊசி சுருக்குனு குத்தும், அவ்ளோதாம்மா. அது மயக்க ஊசி, நல்லா அசந்து தூங்கினப்புறம்தான் நரம்புல ரெண்டாவது மருந்து, சில நிமிஷத்துல இதயம் நின்னுடும். கண்ணு மூடாது, ஒண்ணுக்கு போயிடும், சிலசமயம் மூச்சு இழுக்கிற மாதிரி இருக்கும், உயிர் இருக்குன்னு பதறாதீங்க. அது படுக்கிற சாக்கையே விரிச்சு தலைய மடியில வெச்சுக்கோங்க (எங்க கறுப்பிக்கு நான் வெளிய நின்னுட்டேன், இன்னும் உறுத்துது). குழி மட்டும் ஆழமா தோண்டுங்க, மருந்து உடம்புலயே தங்கும், தெருநாய் கிளறி தின்னா அதுக்கும் ஆபத்து.