இருக்காது, வெயில் வந்துவிடும்

ஐயா, வணக்கம்.

ஏற்காட்டில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். அரையாண்டு விடுமுறைக்கு முன்பு பிள்ளைகளுக்குப் புதிதாக ஏதாவது கொடுக்கலாம் என்று தேடியபோது, ‘குளிர்காலக் கணக்குகள்’ என்று ஆங்கிலத்தில் ஒரு பயிற்சித்தாள் கிடைத்தது. பனிமனிதன், கம்பளிக் கையுறை, சறுக்குவண்டி என்று படங்களோடு பார்க்க அழகாக இருந்தது. நானே தமிழில் எழுதி, நகலெடுத்துக் கொடுத்தேன்.

அதில் ஒரு கணக்கு: “இரவு முதல் ஒரு மணி நேரத்தில் 3 அங்குலம் பனி விழுந்தது. அடுத்த ஒரு மணி நேரத்தில் 2 அங்குலம் விழுந்தது. காலையில் முற்றத்தில் எத்தனை அங்குலம் பனி இருக்கும்?” எல்லோரும் 5 என்று எழுதினார்கள். ஒரு பெண் மட்டும், “இருக்காது. வெயில் வந்துவிடும்” என்று எழுதியிருந்தாள். அவளுடைய அம்மா காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறார். தவறு என்று போட்டுவிட்டேன். அன்று இரவு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனிமேல் பனிமனிதனை எடுத்துவிட்டுக் காப்பிப் பழம், மிளகு, ஆரஞ்சு என்று மாற்றிக் கொடுத்துவிடலாமா? அல்லது வெளி உலகமும் தெரியட்டும் என்று அப்படியே விட்டுவிடலாமா? சக ஆசிரியர் ஒருவர், “கணக்கில் எண்தான் முக்கியம், அது பனியா பழமா என்று யார் பார்க்கிறார்கள்” என்கிறார்.

ஓர் ஆசிரியை, ஏற்காடு.

*

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

முதலில் அந்தப் பெண்ணின் தாளை வாங்கி முழு மதிப்பெண் போடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

நீங்கள் மொழிபெயர்த்ததில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் நம் மொழி அந்த இடத்தில் உங்கள் காலை வாரிவிட்டது. புல்நுனியில் நிற்பதும் நமக்குப் பனி, மலைப்பாதையில் பஸ் கண்ணாடியை மறைப்பதும் பனி, இமயமலையில் காலம்காலமாகக் கிடப்பதும் பனி. வேறுபாடு காட்ட வேண்டுமானால் முன்னால் ஓர் ஒட்டுப் போட்டு மூடுபனி, உறைபனி, வெண்பனி என்கிறோம். ஆண்டின் ஆறு பருவங்களில் இரண்டுக்குப் பனியின் பெயரையே வைத்திருக்கிறோம்: மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று பழமொழி வேறு. இத்தனை பனி இருந்தும் அதில் எதையும் யாரும் மண்வெட்டியால் வாரிக் கொட்டியதில்லை. அந்தப் பெண் தனக்குத் தெரிந்த பனியை வைத்துக்கொண்டு கணக்கைப் படித்தாள். அந்தப் பனி ஒன்பது மணிக்குமேல் முற்றத்தில் நிற்காது. அவள் சொன்னதில் என்ன பிழை?

எனக்குக் கவலை, 5 என்று எழுதிய மற்றவர்களைப் பற்றித்தான். அவர்களும் வெண்பனியைப் பார்த்ததில்லை. பனியை அங்குலத்தில் எப்படி அளப்பார்கள் என்று ஒருவரும் கேட்கவும் இல்லை. இரண்டு எண்கள் கண்ணில் பட்டன, கூட்டிவிட்டார்கள். பிரான்சில் கிரெனோபிள் நகரத்து ஆய்வாளர்கள் முன்பு ஒரு வேலை செய்தார்கள். “ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன?” என்று தொடக்க வகுப்புப் பிள்ளைகள் 97 பேரிடம் கேட்டார்கள். அவர்களில் 76 பேர், கொடுத்த எண்களை எப்படியோ சேர்த்துத் தலைவருக்கு ஒரு வயதைக் கொடுத்துவிட்டார்கள். கூட்டிப் பார்த்தால் 36. கப்பல் தலைவருக்குப் பொருத்தமான வயதுதான்! எண் மட்டும்தான் முக்கியம் என்று சொல்லும் உங்கள் நண்பரிடம் இந்த ஆடுகளைப் பற்றிச் சொல்லுங்கள்.

எனக்கும் இதில் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. சேலத்தில் நான் படித்த காலத்தில், ஒரு தொட்டிக்கு மேலே இரண்டு குழாய், கீழே ஓர் ஓட்டை, தொட்டி நிரம்ப எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்பார்கள். எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வருவதே திருவிழா மாதிரி. ஓட்டையை அடைத்துவிட்டுப் பிடிக்கலாமே என்று கேட்டேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது. விடை மறந்துவிட்டது, குட்டு மறக்கவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பனிமனிதனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காப்பிச் செடியை நட்டுவிட்டால் கணக்கு ஏற்காட்டுக் கணக்காகிவிடாது. “ஒரு செடியில் 5 பழங்கள், 6 செடிகளில் எத்தனை?” என்று கேட்டுப் பாருங்கள், அந்தப் பெண்ணே சிரிப்பாள். கணுவுக்குக் கணு கொத்துக் கொத்தாகப் பிடித்திருக்கும் செடியில் ஐந்தே பழம் என்றால், அந்தச் செடிக்கு ஏதோ நோய். தோட்டத்தில் யாரும் பழத்தை எண்ணுவதில்லை, எடை போடுகிறார்கள். ஏறக்குறைய ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ கொட்டை தேறும். பச்சை மிளகு மூன்று கிலோ காய்ந்தால் சுமார் ஒரு கிலோ கருமிளகு. பறித்தது ஓர் எடை, காய்ந்தது வேறு எடை. வகுத்தல் அங்கே களத்தில் காய்ந்துகொண்டிருக்கிறது, போய் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊர்க் குளிரில் எனக்குப் பிடித்த கணக்கு பஸ்ஸில் இருக்கிறது. சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை இருக்கிறது. சிறுவனாக இருந்தபோது ஒரு தை மாதக் காலையில் அப்பாவோடு மேலே போய்க்கொண்டிருந்தேன். பதினான்காவது பலகை வந்தபோது பனி சட்டென்று மூடிக்கொண்டது. ஓட்டுநர் விளக்கைப் போட்டார். நான் சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். துடைத்த இடம் உடனே மறுபடியும் வெளுத்துவிட்டது. அப்பா கேட்டார்: “பதினாலில் ஆரம்பித்து உச்சி வரைக்கும் பனி என்றால், பனிக்குள் எத்தனை வளைவு?” இருபதில் பதினான்கு போனால் ஆறு என்று உடனே சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எண்ணிக்கொண்டு வா என்பதுபோல் ஜன்னலைக் காட்டினார்.

எண்ணினேன். பதினான்கு, பதினைந்து, பதினாறு, பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, இருபது. ஏழு விரல் மடங்கியிருந்தது. மறுபடியும் கழித்துப் பார்த்தேன், ஆறுதான் வந்தது. கழித்தல் தப்பா, விரல் தப்பா என்று பஸ் நிலையம் வரைக்கும் குழப்பம். இறங்கும்போதுதான் அப்பா சொன்னார்: “பதினாலைத் தாண்டிய பிறகு இன்னும் எத்தனை என்று கேட்டிருந்தால் ஆறு. நான் கேட்டது அது இல்லையே.” பதினான்காவது வளைவும் பனிக்குள்தான் இருந்தது. கழிக்கும்போது நான் அதையும் சேர்த்துக் கழித்துவிட்டேன். பெரியவர்களும் வழுக்கி விழும் இடம் இது. திங்கள் முதல் வெள்ளி வரை எத்தனை நாள் என்பதில் தொடங்கி, வேலிக்கு எத்தனை கல் நட வேண்டும் என்பது வரை ஒரே சறுக்கல். உங்கள் பிள்ளைகளுக்கு இதைக் கரும்பலகையில் விளக்க வேண்டியதே இல்லை. அந்தப் பாதையில் போய் வந்த பிள்ளை விரலை மடக்கிப் பார்த்துத் தானே கண்டுபிடித்துவிடும்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் என்றால் குளிரையே கணக்காக்கலாம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். கீழே 30 என்றால் மேலே எவ்வளவு? ஏறக்குறைய 22 வரும். சில விடியற்காலைகளில் வானம் இந்தக் கணக்கை மதிக்காது. குளிர்ந்த காற்று கனமானது, அமைதியான இரவுகளில் பள்ளத்தில் போய்த் தங்கிவிடும். பரவாயில்லை. விடை ஏன் பொய்த்தது என்று பேச ஒரு வகுப்பு கிடைக்கும்.

வெளி உலகம் தெரிய வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டும். வெண்பனிக்கும் ஒரு வழி இருக்கிறது, அது வாசலில் தொடங்குகிறது. மார்கழியில் போடும் ஊடுபுள்ளிக் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் 3 புள்ளி, இரண்டு பக்கமும் 2 என்றால் மொத்தம் 7. நடுவில் 5, பிறகு 4, 3 என்று இறங்கினால் 19. நடுவில் 7 வைத்து 4 வரை இறங்கினால் 37. இப்போது ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கச் சொல்லுங்கள். ஒற்றைப் புள்ளியிலிருந்து ஏழுக்கு 6. ஏழிலிருந்து பத்தொன்பதுக்கு 12. அங்கிருந்து முப்பத்தேழுக்கு 18. ஆறாம் வாய்ப்பாடு வாசலில் இருக்கிறது! அடுத்த கோலம் 24 கூடி 61 ஆக வேண்டும் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். 9 புள்ளி வைத்து 5 வரை இறங்கி எண்ணிப் பார்க்கட்டும். வாராந்தரிகளில் வரும் 15 புள்ளி, 8 வரை ஊடுபுள்ளிக் கோலத்துக்கு 169 புள்ளி. அதைக் கொஞ்சம் பொறுமை உள்ளவர்களிடம் விட்டுவிடுங்கள்.

இந்தக் கோலம் ஏன் ஆறு ஆறாக வளர்கிறது? ஓரப் புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் ஆறு பக்கம் உள்ள உருவம் வரும். வெண்பனித் துகளும் அப்படித்தான். நீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கிக்கொள்வதால், துகளுக்கு ஆறு கை முளைக்கிறது. கோலத்தைப் போட்டு முடித்த கையோடு, ஒரு பனித்துகளின் படத்தைப் பக்கத்தில் வையுங்கள். பனிமனிதனின் பொத்தான்களை எண்ணியதைவிட அன்று வெண்பனியைக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்துகொள்வார்கள்.

உங்கள் பயிற்சித்தாளின் கணக்கு அதன் சொந்த ஊரிலேயே சரியாக இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக விழுந்த பனி பஞ்சுபோல் இருக்கும். மேலே பாரம் ஏற ஏற அடியில் இருப்பது அமுங்கும். மூன்றின் மேல் இரண்டு விழுந்தால், காலையில் அளவுகோலை நட்டுப் பார்ப்பவருக்கு ஐந்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கிடைக்கும். உருகினாலோ இன்னும் மோசம். பத்து அங்குலப் பனி உருகினால் சுமார் ஓர் அங்குலம் தண்ணீர் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் உங்கள் ஐந்து அங்குலமும் வெயில் வந்தபின் அரை அங்குலத் தண்ணீர். வெயில் வந்துவிடும் என்று எழுதியவள் அந்த ஊரில் இருந்திருந்தாலும் அவ்வளவு தவறாகச் சொல்லியிருக்க மாட்டாள்.

அவளுக்கு என் சார்பில் ஒரு கணக்குக் கொடுங்கள். “காலை ஏழு மணிக்குப் பனியில் ஏற்காடு ஏரி தெரியவே இல்லை. எட்டு மணிக்குப் பாதி ஏரி தெரிந்தது. ஒன்பது மணிக்கு எவ்வளவு தெரியும்?” வகுப்பில் பாதிப் பேர் முழு ஏரி என்று எழுதுவார்கள். அவள் என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரிவியுங்கள்.