ஆபீசுக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயமா?

கேள்வி: சிங்கப்பூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை வேலை பார்க்கிறேன். இந்த வருடம் நோன்புப் பெருநாள் மார்ச் 21, சனிக்கிழமையில் வந்தது. கணவரின் ஆபீசில் அதற்குப் பதிலாக ஒரு நாள் ஆஃப் கொடுத்தார்கள். எங்கள் ஆபீசில் ஒரு நாள் சம்பளத்தைச் சேர்த்துப் போட்டுவிட்டு, அவ்வளவுதான் என்கிறார்கள். பணம் யாருக்கு வேண்டும், எனக்கு நாள்தானே வேண்டும்? இது சட்டப்படி சரியா, மனிதவள அமைச்சில் புகார் செய்யலாமா? தீபாவளியும் ஞாயிற்றுக்கிழமை வருகிறதே, திங்கட்கிழமை லீவு உண்டா? அந்த மூன்று நாளும் கணவர், பிள்ளைகளோடு வெளியூர் போகலாம் என்றிருக்கிறோம். அம்மாவுக்கு 78 வயது, யாராவது பிடித்துக்கொள்ளாமல் நடக்க முடியாது. ஆனால் அவரைப் பற்றிக் கவலை இல்லை, பணிப்பெண் இருக்கிறார். அவர் ஞாயிற்றுக்கிழமைகூட எங்கேயும் போகமாட்டார், அதற்குத் தனியாகப் பணம் கொடுத்துவிடுகிறோம்.
— பெயர் வேண்டாம்

பதில்: முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், அது சீக்கிரம் முடிந்துவிடும்.

உங்கள் ஆபீஸ் செய்தது சரி. சிங்கப்பூரில் பொது விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் மறுநாள் திங்கட்கிழமையும் பொது விடுமுறை, அது சட்டத்திலேயே இருக்கிறது, யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இந்த வருடம் விசாக தினம் மே 31, தேசிய தினம் ஆகஸ்ட் 9, தீபாவளி நவம்பர் 8, மூன்றுமே ஞாயிறு. ஆகவே நவம்பர் 9 திங்கட்கிழமை உங்களுக்கு லீவு உண்டு. ஷிஃப்ட் வேலையில் இருப்பவர்களுக்கு ஓய்வுநாள் புதன், வியாழன் என்று எதுவாகவும் இருக்கலாம், அந்த ஓய்வுநாளில் பொது விடுமுறை வந்தால் அடுத்த வேலைநாள் அவர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை.

சனிக்கிழமை கதை வேறு. வாரம் ஐந்து நாள் வேலை பார்க்கிற உங்களுக்கு அது வெறுமனே வேலையில்லாத நாள், சட்டம் சொல்கிற வார ஓய்வுநாள் இல்லை. அப்படிப்பட்ட நாளில் விடுமுறை வந்தால் முதலாளி ஒரு நாள் சம்பளம் தரலாம், அல்லது வேறொரு நாள் ஆஃப் தரலாம் என்று வேலை நியமனச் சட்டத்தின் 88ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டில் எது என்று முடிவு செய்வது முதலாளிதான். உங்கள் கணவரின் முதலாளி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார், உங்கள் முதலாளி இன்னொன்றை. இதில் புகார் செய்ய ஒன்றுமில்லை. அடுத்த முறை முன்கூட்டியே எச்.ஆரிடம் போய், எனக்குப் பணம் வேண்டாம், நாளாகக் கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள், சம்மதித்தால் உண்டு. இந்தியாவில் மத்திய அரசு ஊழியருக்கே பண்டிகை ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் வந்ததுதான், மாற்று நாள் கிடையாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் ஒன்று, நவம்பர் 9 லீவோடு செவ்வாய்க்கிழமையையும் சேர்த்து ஓட்டலாம் என்று நினைத்தால் சொல்லிவிட்டுப் போங்கள். விடுமுறைக்கு முந்தைய வேலைநாளோ அடுத்த வேலைநாளோ அனுமதியும் தகுந்த காரணமும் இல்லாமல் வராமல் இருந்தால் அந்த விடுமுறைக்கான சம்பளமும் போய்விடும்.

சரி, இப்போது கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன்.

'பணம் யாருக்கு வேண்டும், எனக்கு நாள்தானே வேண்டும்?' என்று கேட்டது நீங்கள். அதே கடிதத்தில், அதே கையால், 'அதற்குத் தனியாகப் பணம் கொடுத்துவிடுகிறோம்' என்று எழுதியதும் நீங்கள்தான். எழுதி முடித்துவிட்டு ஒருமுறை படித்துப் பார்த்தீர்களா அம்மா? உங்கள் ஆபீஸ் இந்த வருடம் ஒரே ஒரு சனிக்கிழமைக்கு உங்களுக்குச் செய்ததை, நீங்கள் உங்கள் வீட்டில் ஞாயிறு தவறாமல் ஒருவருக்குச் செய்துகொண்டிருக்கிறீர்கள். உங்கள் ஆபீஸ் செய்ததற்காவது சட்டத்தில் இடம் இருக்கிறது.

வீட்டுப் பணிப்பெண்ணுக்கு வேலை நியமனச் சட்டம் பொருந்தாது. நீங்கள் சண்டை போட நினைத்தீர்களே, அந்த 11 பொது விடுமுறைகளில் ஒன்றைக்கூடச் சட்டம் அவருக்கு உரிமையாகத் தரவில்லை, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு. வாரத்துக்கு ஒரு ஓய்வுநாள் என்பதே 2013இல்தான் வந்தது. அதையும் அவர் சம்மதித்தால் பணமாகக் கொடுக்கலாம் என்று ஓட்டை வைத்திருந்தார்கள், எல்லாரும் அதன் வழியாகவே போய்க்கொண்டிருந்தார்கள். அதனால்தான் 2023 ஜனவரி 1 முதல் மாதத்துக்கு ஒரு ஓய்வுநாளையாவது கட்டாயம் கொடுத்தாக வேண்டும், பணத்தால் ஈடுகட்ட முடியாது என்று விதி வந்தது. 'ஞாயிற்றுக்கிழமைகூட எங்கேயும் போகமாட்டார்' என்கிறீர்கள். வேறொரு கிழமையில் ஓய்வு கொடுப்பதாக ஒரு சொல்கூடக் கடிதத்தில் இல்லை. மனிதவள அமைச்சிடம் போகிறேன் என்கிறீர்கள், போய் இதையும் சேர்த்துச் சொல்வீர்களா?

'அவருக்கே வெளியே போகப் பிடிக்காது' என்று பதில் வரும். எத்தனையோ வீட்டிலிருந்து இதே வாக்கியம் எனக்கு வந்திருக்கிறது, அநேகமாக அத்தனை வீட்டிலும் படுத்த படுக்கையாகவோ தள்ளாமையிலோ ஒரு பெரியவர் இருப்பார். பிடிக்காது என்பதே உண்மையாக இருக்கட்டும். வெளியே போகாமல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஊரில் இருக்கும் தன் பிள்ளையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாலும் அது ஓய்வுநாள்தான், அன்றைக்கு அவரை வேலைக்குக் கூப்பிடக் கூடாது. அவர் போகாததற்குக் காரணம் பிடிக்காதது இல்லை என்பது என் எண்ணம். தான் போனால் உங்கள் அம்மாவைக் குளியலறைக்குக் கூட்டிப்போக ஆள் இருக்காது என்று அவருக்குத் தெரியும். உங்கள் பொறுப்பை அவர் சுமக்கிறார், நீங்கள் அதற்கு ஒரு நாள் கூலி போட்டுக் கணக்கை முடிக்கிறீர்கள்.

நான் பழைய காலத்து ஆள்தான், அதனால் இதையும் மறைக்காமல் சொல்கிறேன். பணிப்பெண் வைத்துக்கொள்வது தவறில்லை, இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் வேறு வழியும் இல்லை. ஆனால் பெற்ற தாயைப் பார்த்துக்கொள்வதில் அவர் உங்களுக்கு உதவியாள், உங்களுக்கு மாற்று ஆள் இல்லை. அதுவும் தீபாவளி அன்றைக்கு! 78 வயதுத் தாயைச் சம்பளத்துக்கு வந்தவரிடம் விட்டுவிட்டு மூன்று நாள் கிளம்புவதற்கு, அந்தத் திங்கட்கிழமை கிடைக்குமா என்று சட்டம் கேட்கிறீர்கள். கிடைக்கும் என்று சொல்லிவிட்டேன். கிடைத்ததை இப்படித்தான் செலவழிக்க வேண்டுமா? தீபாவளிக்கு வீட்டில் இருங்கள். வெளியூர் போவதற்குத் தேசிய தினத்துக்கும் இதே மாதிரி மூன்று நாள் சேர்ந்து வருகிறது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி ஓர் இடம் பாருங்கள், முடியாது என்றால் கூடப்பிறந்தவர்கள் யாரையாவது வந்து இருக்கச் சொல்லுங்கள். கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் காணோம், இருந்தால் அவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

அதற்கு முன்னால், இந்த வாரமே, பணிப்பெண்ணிடம் பேசுங்கள். 'உனக்கு லீவு வேண்டுமா?' என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார், கேட்கிற விதத்திலேயே பதிலையும் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். 'இந்த மாதம் எந்த ஞாயிறு உனக்கு வசதி, அன்றைக்கு நான் அம்மாவோடு இருக்கிறேன்' என்று சொல்லுங்கள். மாதம் ஒன்று கட்டாயம், மற்ற ஞாயிறுகளையும் பணமாக்குவதற்கு முன்னால் அவருடைய விருப்பத்தைக் கேளுங்கள். தீபாவளித் திங்கட்கிழமையைப் பற்றியும் பேசிவையுங்கள், சட்டம் கொடுக்கவில்லை என்றால் என்ன, நீங்கள் கொடுக்கலாமே. அவர் ஓய்வெடுக்கிற ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை உங்களுக்கு எப்படியும் ஆபீஸ் இல்லை. அன்றைக்குக் காலையில் அவர் பக்கத்தில் நின்று, அம்மாவைக் கட்டிலிலிருந்து எழுப்பும்போது எந்தத் தோளைப் பிடிக்க வேண்டும், எந்தக் காலை முதலில் ஊன்றச் சொல்ல வேண்டும், எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் வெளியே போன பிறகு, தைலம் எங்கே இருக்கிறது என்று கேட்டு அவருக்குப் போன் போடாதீர்கள்.